ஆமாங்க மாமா

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பெயரைப் போட்டே எழுதட்டுமா என்று கேட்டால், "ஆமாங்க, தாராளமா எழுதுங்க அம்மணி" என்றுதான் சொல்வார். பிறகு வீட்டுக்குள் போய் அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அவர் தரும் சம்மதத்தை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக்கூடாது என்பது எங்கள் வீதியில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் கேட்கவே இல்லை.

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்சுவர்தான். சொந்தம் ஒன்றும் கிடையாது. சின்ன வயதிலிருந்து அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட்டுப் பழக்கம். வீதிக்காரர்கள் அவர் இல்லாத இடத்தில் அவரை 'ஆமாங்க மாமா' என்றார்கள். அந்த மனிதருக்கு யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராது, அவ்வளவுதான் காரணம். நம் பக்கத்தில் பொதுவாகவே யாரும் முகத்தில் அடித்தாற்போல இல்லை என்று சொல்லமாட்டோம். 'பாக்கலாமுங்க' என்போம், 'கேட்டுச் சொல்றனுங்க' என்போம், கேட்டவரும் புரிந்துகொண்டு போய்விடுவார். மாமாவுக்கு அந்த வித்தையும் கைவரவில்லை.

ஒருநாள் காலையில் பால் வாங்க வாசலுக்கு வந்தவரிடம் யாரோ ஒருவர் ஒரு கண் டாக்டரின் விலாசத்தைக் காட்டி, இந்தப் பக்கந்தானே என்று கேட்டிருக்கிறார். மாமாவுக்கு அந்த டாக்டரையும் தெரியாது, அந்த வீதியையும் தெரியாது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அந்த ஆளைத் தனியாக விட மனசு வரவில்லை. பால் வாங்க எடுத்துவந்த தூக்குப்போசியோடு கூடவே நடந்துபோய், நாலு பேரிடம் விசாரித்து, டாக்டரைக் கண்டுபிடித்து, அந்த ஆளுக்குச் சொட்டுமருந்து போடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் திரும்பி வந்தார். அதற்குள் அத்தை கடுங்காப்பி குடித்துவிட்டு, அவரைத் தேட ஆள் அனுப்பியிருந்தார்.

கல்யாண வீடுகளில் அவர் இலைக்கு எதிரே நின்று வேடிக்கை பார்ப்பதற்கென்றே சிலர் உண்டு. பரிமாறுகிறவர் வாளியோடு குனிந்து "இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்றால் இவர் தலை தானாக ஆடிவிடும். ரசம் வாளி போனால் மோர் வாளி வரும், மோர் வாளி போனால் பாயசம் திரும்பி வரும். பந்தியில் கடைசியாக எழுந்திருப்பவர் அவர்தான். வீட்டுக்கு வந்ததும் ஓமத்தண்ணி.

ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் அவரைச் சாமான் கொள்முதல் செய்யும் வேலையில் வைத்திருந்தார்கள். யார் எந்த உதிரிபாகத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் வாங்கிப் போட்டுவிட்டார். கிடங்கு நிறைந்து நடைபாதை வரைக்கும் சாமான் வந்த பிறகு கம்பெனி விழித்துக்கொண்டு, அவரை வெளியூருக்குச் சரக்கு அனுப்பும் பகுதிக்கு மாற்றியது. அங்கே கேட்பவர்களுக்குக் கொடுப்பதுதான் வேலை. அதில் கடைசிவரை நல்ல பெயர் எடுத்து ஓய்வுபெற்றார்.

வீதிச் சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். இருவர் மனுவையும் முன்மொழிந்தவர் மாமாதான். கேட்டபோது, "ரெண்டு பேருமே ஊடு தேடி வந்து கேட்டாங்க அம்மணி. வந்தவியள எப்புடித் திருப்பி அனுப்பறது? இல்லைன்னு சொன்னா மூஞ்சி வாடிப்போகுதல்லோ. அதப் பாக்கறதுக்கு நம்மளால ஆகாது" என்றார்.

இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்துகிற அத்தைக்கு வேறு வழியில்லாமல் அந்த வீட்டின் 'இல்லை' இலாகா முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. தோளில் பையும் கழுத்தில் டையுமாகக் கதவைத் தட்டுகிறவர்கள், மாமாவின் குரல் கேட்டால் முகம் மலர்வார்கள், அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டால் கேட்டைத் தாங்களே சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். "இந்த மனுசனுக்குப் பதிலா நாந்தான் ஊருக்கெல்லாம் பொல்லாதவளாகறேன்" என்று அத்தை என் அம்மாவிடம் மதில்சுவரோரமாகச் சொல்லாத வாரம் கிடையாது.

இந்த லட்சணத்தில் மாமாவுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. அவர்களுடைய ஒரே மகள் பிரபாவும் நானும் எம்.சி.ஏ. ஒன்றாகப் படித்தோம். அவள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. அவள் கல்லூரிக்குப் போயிருக்கும் நேரத்தில் மாமா அதன் முன்னால் உட்கார்ந்து பழகினார். சாயந்திரத்தில் ஏதோ ஒரு வகுப்புக்கும் போய்வந்தார். அப்புறம் வீதியில் யாரோ, "உங்களுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியுமுங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். பதிலை நான் சொல்லவேண்டியதில்லை. அன்றிலிருந்து எங்கள் வீதியின் கம்ப்யூட்டர் டாக்டர் அவர்தான்.

அவருடைய வைத்திய முறை எளிமையானது. திரையில் என்ன கேள்வி வந்தாலும் சத்தமாகப் படிப்பார், அதை நம் பேச்சில் சொல்வார், பிறகு சம்மதிப்பார். "மேக்கொண்டு போலாமான்னு கேக்குதுங்க. போலாமுங்க" என்று ஒரு தட்டு. "எல்லாத்தயும் அழிச்சர்லாமான்னு கேக்குதுங்க. பாருங்க, கேக்காமயே அழிச்சுப்போட்டா நம்மளால என்ன பண்ண முடியும்? கேட்டுச் செய்யுது" என்று இன்னொரு தட்டு. சில கேள்விகளுக்கு ஆமாம் என்ற பிறகும் அது விடாமல், நிச்சயந்தானா என்று இரண்டாவது முறை கேட்கும். அந்த இடத்தில் மாமா உருகிப்போய்விடுவார். "நெசமாத்தானான்னு மறுக்காவும் கேக்குது பாரு அம்மணி. என்ன மரியாத. இத எழுதுனவன் நம்ம ஊர்ப்பக்கத்துக்காரனாத்தான் இருக்கோணும்."

பின்வீதிப் பல் டாக்டர் ஒருவர் முக்கியமான கோப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரின் குப்பைக்கூடைக்குள் போட்டு வைத்திருந்தார். அங்கே யாரும் கைவைக்கமாட்டார்கள் என்று அவர் எண்ணம். மாமா ஏதோ சரிபார்க்கப் போனார். குப்பையைக் கொட்டிவிடட்டுமா என்று அது கேட்டது. அதற்கப்புறம் அந்த டாக்டர் மாமாவைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். மாமாவோ, "பாவம், ஏதோ நெனப்புல போறாருங்க" என்பார்.

எங்களுடைய கடைசி வருஷத்தில்தான் விஷயம் விளையாட்டில்லாமல் போனது. பிரபாவும் நானும் சேர்ந்து, ஒரு பஞ்சாலையின் நூல் இருப்பைக் கணக்கு வைக்கும் ப்ராஜெக்ட் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மாதக்கணக்கான வேலை, முழுவதும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. பிரபாவுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, ஜூனில் ப்ராஜெக்டை ஒப்படைத்துப் பட்டம் வாங்கினால். எனக்கு எந்தக் கம்பெனியும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தாலும், அவளாவது பெங்களூர் போகவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மாமாவும் அவளிடம், "ஆமா கண்ணு, நீ வேலைக்குப் போலாம்" என்று சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளகோவிலிலிருந்து ஓர் எண்ணெய் மில் குடும்பம் வந்தது. பையன் அமெரிக்காவில். ஏதோ கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே எட்டிப் பார்ப்பதுபோல வந்து, பிரபாவைப் பார்த்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, "புள்ளைய எங்களுக்குப் புடிச்சுப்போச்சுங்க. பையனுக்கு வைகாசியிலதான் லீவு. மொத முகூர்த்தத்துலயே வெச்சு, கையோட கூட்டிப் போயர்றங்கறான். பேசி முடிச்சர்லாமுங்களா?" என்றார்கள்.

"ஆமாங்க" என்றார் மாமா.

வைகாசியில் கல்யாணம் என்றால் ஜூனில் ப்ராஜெக்ட் எங்கே, பெங்களூர் எங்கே? பிரபா கத்தித் தீர்த்தாள். மாப்பிள்ளையின் மூக்கிலோ முழியிலோ அவளுக்குக் குறை இல்லை. படிப்பை முடிக்கவேண்டும், கொஞ்ச நாள் தன் காலில் நின்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "நீ சொல்றதும் சரிதான் கண்ணு" என்றார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் களத்தில் இறங்கும் அத்தையோ இந்தத் தடவை அசையவில்லை. அவருக்கு அந்த இடம் பிடித்திருந்தது. "நல்ல குடும்பம், நல்ல பையன். நான் எதுக்கு வேண்டாங்கோணும்? வேணும்னா உங்கப்பன் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டார். 'இல்லை' இலாகா மூடிக்கொண்டது. மகளுக்கும் ஆமாம், சம்பந்திக்கும் ஆமாம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு, மாமா பாட்டுக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

அடுத்த வாரம் வெள்ளகோவிலிலிருந்து போன். பையனின் அப்பா இப்போதே மாமாவைச் சம்மந்தி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். "ஏனுங் சம்மந்தி, உங்க ஊட்டுக் கம்ப்யூட்டர்ல தொண்ணூத்தெட்டு போட்டுருங்க. பையன் சொல்றான், அது இருந்தா அங்கிருந்தே புள்ளகிட்டப் பேசலாமாமா." அப்போது எல்லோர் வீட்டிலும் விண்டோஸ் தொண்ணூற்றைந்துதான். தொண்ணூற்றெட்டு புதிதாக வந்து ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. மாமா உடனே காந்திபுரம் போய் ஒரு சிடியோடு திரும்பினார்.

சனிக்கிழமை காலையில் நான் போனபோது பிரபா பஞ்சாலைக்குப் போயிருந்தாள். மாமா குளித்து, விபூதி பூசி, கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சிடி ஓட ஆரம்பித்துவிட்டது.

"ஏனுங் மாமா, உள்ள எங்க ப்ராஜெக்ட் இருக்குதுங்க" என்றேன்.

"இருக்கட்டும் அம்மணி. அதுபாட்டுக்கு ஒரு பக்கமா இருக்கப்போகுது."

"பிரபா ப்ளாப்பியில எடுத்து வெச்சிருக்காளான்னு பாத்துக்கலாமுங்க." மேசை இழுப்பறையைத் திறந்தேன். ப்ளாப்பி டப்பா இருந்த இடம் காலி. "டப்பா எங்கீங்க?"

மாமா சற்று நெளிந்தார். "சங்கத்துச் செயலாளர் வந்து கேட்டாருங் அம்மணி. திருவிழாப் பத்திரிகை அடிக்கறதுக்குக் காலி ப்ளாப்பி வேணும்னாரு."

"அது காலி இல்லீங்களே மாமா."

"அவரு காலி பண்ணிக்கறேன்னாருங்க."

"மாமா, தயவுசெஞ்சு இத இப்ப நிறுத்துங்க" என்றேன். "செரி அம்மணி, நிறுத்திர்லாம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, தொடரட்டுமா என்று திரை கேட்டதற்கும் ஒரு தட்டுத் தட்டினார். எங்கள் இருவர் மனதையும் அவர் நோகடிக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் பிடுங்கினால் உள்ளதும் போய்விடும் என்ற பயத்தில் எனக்கும் நிறுத்தத் துணிவில்லை. முதலில், பழைய தொண்ணூற்றைந்தை எடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. "வெச்சுக்குங்க, வெச்சுக்குங்க" என்றார். பிறகு, அவசரத்துக்கு உதவும் ஒரு ப்ளாப்பி செய்து தருகிறேன், காலி ப்ளாப்பி போடுங்கள் என்றது. ப்ளாப்பி எங்கே இருக்கிறது? இருந்தாலும் மாமா ஓகே தட்டினார். ப்ளாப்பி இல்லையே என்றது. ஓகே. போடுங்கள் என்றது. ஓகே. இது போய்க்கொண்டே இருந்தது. பக்கத்திலேயே கேன்சல் என்று ஒன்று இருக்கிறதே என்று நான் காட்டினேன். "அது நமக்கு நல்லது செய்யறேன்னு வருது. வேண்டாம்னு தள்ளறதுங்களா?" என்றார். கடைசியில் அத்தையைக் கூப்பிட்டோம். மௌஸைத் தொட்டுப் பழக்கமில்லாத அத்தை, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் ஒரே ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "இதுக்கும் நாந்தான் வரோணும்" என்று சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அடுத்து வந்ததுதான் வினை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகக் கேட்டது. "இருக்கறது இருக்கட்டுமுங்க" என்று மாமா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டார். புதியது வந்த இடத்தில் புதியது, பழையது இருந்த இடத்தில் பழையது. மொத்தத்தில் பாதி தொண்ணூற்றைந்து, பாதி தொண்ணூற்றெட்டு என்று ஓர் உருவம் தயாரானது. அது ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்தபோது, சிடி ஓட்டும் பெட்டியையே மறந்துவிட்டிருந்தது. அதை நினைவுபடுத்தும் கோப்பு எங்கே என்று பார்த்தால் சிடியில் இருந்தது. சிடியைப் போட்டு ஓகே தட்டு என்றது. மாமா சிடித் தட்டைத் திறந்தார், மூடினார், ஓகே தட்டினார். மறுபடியும் சிடியைப் போடு என்றது. சிடியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அவரும் சளைக்கவில்லை, அதுவும் சளைக்கவில்லை. கடைசியில் திரை நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதோ பிழை என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றது. இந்த முறை அது எதுவும் கேட்கவில்லை. கேள்வி இல்லாத திரையைப் பார்த்து மாமாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மத்தியானம் பிரபா வந்தாள். நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த நீலத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் வாங்கின கடையிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார்கள். மீசையும் தன்னம்பிக்கையும் உள்ள ஆள். தன் ப்ளாப்பியைப் போட்டு எழுப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டுங்கெட்டானா ஆயிப்போச்சுங்க சார். ஒண்ணொண்ணாத் தேடிச் சரி பண்ணீட்டிருந்தா விடிஞ்சிரும். பேசாம ஃபார்மட் அடிச்சர்லாமுங்க. எல்லாத்தயும் தொடச்சு எறிஞ்சுட்டுத் தொண்ணூத்தெட்டப் புதுசாப் போட்டுட்டா மிஷின் குதிரையாட்ட ஓடும். போடட்டுங்களா?"

"ஆமாங்க" என்றார் மாமா.

"எங்க ப்ராஜெக்ட்?" என்றேன் நான்.

"அதெல்லாம் இந்நேரம் போயிருக்குமுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் ஃபார்மட் கட்டளையைத் தட்டினார். அந்த நேரத்தில் அத்தை உள்ளிருந்து, "தம்பி, சந்தகை ஆறுது, மொதல்ல வந்து சாப்புடுங்க" என்றார். சந்தகையும் தேங்காய்ப்பாலும் என்றதும் அந்த ஆள் எழுந்துவிட்டார். "சார், இப்ப ஒரு கேள்வி கேக்கும். ஒய் அடிச்சு என்டர் தட்டிருங்க. அதுபாட்டுக்கு ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேள்வி வந்தது. இந்த வட்டில் உள்ளவை எல்லாம் அழிந்துபோகும், செய்யலாமா? 'ஒய்'யா, 'என்'னா?

மாமா வழக்கம்போலப் படித்தார். பாதி படிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது. அப்போதுதான் பிரபா மாடியிலிருந்து இறங்கி வந்து வாசற்படியில் நின்றிருந்ததைப் பார்த்தோம். முகம் வீங்கியிருந்தது.

"ஏனுங்ப்பா நிறுத்தீட்டீங்க? அடிங்க" என்றாள். "சங்கத்துக்காரருக்கு ஆமான்னீங்க. வெள்ளகோயில்காரங்களுக்கு ஆமான்னீங்க. எனக்கும் ஆமான்னீங்க. இது ஒண்ணுக்கு மட்டும் என்னத்துக்கு யோசிக்கறீங்க? எல்லாம் அழிஞ்சு போகட்டும்."

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். வலது கை ஆள்காட்டி விரல் ஒய் எழுத்துக்கு மேல் நின்றது. பழக்கம் அந்த விரலைக் கீழே இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். உள்ளேயிருந்து அந்த ஆள், "அடிச்சாச்சுங்களா சார்?" என்று கேட்டார்.

மாமாவின் விரல் மெதுவாக நகர்ந்து, தேடித் தேடி, 'என்' எழுத்தைத் தட்டியது. பிறகு என்டர்.

"மன்னிச்சுக்குங்க" என்றார், கம்ப்யூட்டரிடம்.

திரை கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த வரியில் வந்து காத்திருந்தது. மாமாவுக்கு அது பெரிய ஆச்சரியம். "என்ன அம்மணி, அவ்வளவுதானா?" என்று என்னிடம் கேட்டார். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது.

பிரபா ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்து தேடினாள். ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது, ஒரு கோப்புக்கூடக் குறையவில்லை. கடை ஆள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒய் அடிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் சுருங்கினார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கோவிச்சுக்காதீங் தம்பி, இன்னும் ரெண்டு சந்தகை சாப்புடறீங்களா?" என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, "மொதல்ல அது ஒண்ணு கேட்டுதுங்க, பழச எடுத்து ஓரமா வெச்சுக்கட்டுமான்னு. நான் வெச்சுக்கன்னேன்" என்றார்.

"அத ஏனுங்க சார் மொதல்லயே சொல்லல?" என்றார் கடை ஆள். அவர் கேட்கவில்லை, அதனால் இவர் சொல்லவில்லை. ஓரமாக எடுத்து வைத்த பழசு பத்திரமாக இருந்தது. சாயந்திரத்துக்குள் வீடு மறுபடியும் தொண்ணூற்றைந்துக்குத் திரும்பிவிட்டது. பிரபா அன்றே இரண்டு பெட்டி ப்ளாப்பி வாங்கிவந்து, எல்லாவற்றையும் நகலெடுத்து, எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

கம்ப்யூட்டரிடம் இல்லை என்று சொல்லிவிட்டார், சரி. அதற்கு வாடிப்போக முகம் கிடையாது. வெள்ளகோவில்காரருக்கு முகம் இருந்தது, பெரிய மீசையோடு இருந்தது.

அந்த வாரமே போன் வந்தது. நானும் பிரபாவும் கதவோரம் நின்று கேட்டோம். மாமா மழையைப் பற்றிப் பேசினார், கடலைக்காய் விளைச்சலைப் பற்றிப் பேசினார், "அது வந்துங்க, ஒரு விசயமுங்க" என்று மூன்று நான்கு தடவை ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் எதிர்முனை ஏதோ கேட்க, இவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மறந்துபோனார். கடைசியில், "ஆமாங்க, வாங்க வாங்க. ஞாயித்துக்கெழமயே வாங்க" என்று போனை வைத்தார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வருகிறார்களாம். பிரபா என் தோளில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். மாமா போன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க வெகுநேரமானது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காரும் ஒரு வேனும் வந்து நின்றன. பூ, பழம், தேங்காய் என்று தட்டுத் தட்டாக இறங்கியது. மாமா வாசலுக்கே போய், "வாங்க, வாங்க, வாங்க" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அத்தை வந்திருந்த ஒரம்பரைக்கெல்லாம் ஒப்புட்டும் காப்பியும் கொடுத்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நானும் பிரபாவும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தன.

பையனின் அப்பா காப்பியை முடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். "அப்பறம் சம்மந்தி, தொண்ணூத்தெட்டு போட்டாச்சுங்களா?"

"இல்லீங்க" என்றார் மாமா.

அத்தை கையில் இருந்த தட்டு அந்தரத்தில் நின்றது. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அத்தை கேட்டதில்லை.

"போட்டுப் பாத்தனுங்க. எங்குளுக்குச் சேரலீங்க. பழசுக்கே போயிட்டம்."

"அது கெடக்குதுங்க. பையன் வந்து பாத்துக்குவான். வைகாசி மொத முகூர்த்தத்துலயே வெச்சுக்கலாமுங்களா? தட்ட மாத்திக்கலாமுங்களா?"

மாமா எழுந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார்.

பையனின் அப்பா தட்டை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. புள்ள படிப்ப முடிக்கோணுமுங்க. அப்பறம் பெங்களூர்ல வேலைக்குப் போறாளுங்க. அவகிட்ட நான் மொதல்லயே ஆமான்னு சொல்லிப்போட்டனுங்க. அப்பறம் உங்ககிட்டயும் சொன்னது என் தப்புத்தானுங்க. ரெண்டு பேருக்கும் ஆமான்னு சொல்ல முடியாதுன்னு எனக்கு இப்பத்தானுங்க தெரிஞ்சுது."

பையனின் அப்பா மாமாவை விட்டு அத்தையைப் பார்த்தார். வீதிக்காரர்கள் யாரோ இந்த வீட்டில் யார் சொன்னால் நடக்கும் என்பதை அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். "ஏனுங் அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

அத்தைக்கு அந்த இடம் பிடித்திருந்தது, அமெரிக்காவும் பிடித்திருந்தது. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கைகூப்பி நின்றுகொண்டிருந்த தன் புருஷனை ஒரு கணம் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அவரு சொன்னாச் செரிதானுங்க" என்றார்.

அந்த மனிதரும் நல்லவர்தான். கத்தவில்லை, எழுந்து போகவுமில்லை. முகம் மட்டும் வாடிப்போயிருந்தது. மாமா அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். பையனின் அப்பா மறுபடியும், நம் ஊர் மரியாதையோடு, மெதுவாகக் கேட்டார்.

"நல்லா ரோசன பண்ணித்தான் சொல்றீங்களா? நெசமாத்தானுங்களா?"

"ஆமாங்க" என்றார் மாமா.